துரை முள்ளங்கியும் நிவித்திகல வாசமும்

கொரோனாக் காய்ச்சல் எட்வினை விட்டுப் போனபோது, வாசம் பிடிக்கிற சக்தியும் கூடவே கிளம்பிப் போய், நிவித்திகலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசையில், முன்பின் தெரியாத ஒரு வீட்டுக் குசினியில் குடியேறிவிட்டது. இரண்டாயிரத்து இருபத்தோராம் வருடம் அது. அந்தக் காய்ச்சலில் மூக்கு செத்துப்போனவர்கள் எட்வின் இருந்த யட்டியாந்தோட்டைப் பக்கம் எத்தனையோ பேர். கொத்தமல்லித் தண்ணி குடித்து, வேப்பிலை ஆவி பிடித்து, அவரவர் மூக்கு அவரவருக்குத் திரும்பி வந்தது. எட்வினுடையது சாகவில்லை, இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான். ரப்பர் மலைக்கு நடுவே பங்களாக் குசினியில் நின்று கருவாட்டுத் துண்டை மூக்கோடு சேர்த்துப் பிடித்தாலும் அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அதே நேரத்தில் எங்கோ கறிவேப்பிலை தாளிப்பதும், ஈர விறகு புகைவதும், யாரோ தலைக்கு எண்ணெய் வைப்பதும் பக்கத்தில் நடக்கிற மாதிரி தெரியும். கடைவீதிக்குப் போனாலும் அந்தக் குசினிதான், மாதா கோயிலுக்குப் போனாலும் அந்தக் குசினிதான். ஞாயிறு பூசையில் சாமியார் சாம்பிராணி காட்டிக்கொண்டிருக்க, எட்வினுக்குப் பருப்பு அடிப்பிடிக்கிற வாசம் வந்தது.

எட்வின் அந்தப் பங்களாவின் அப்பு. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் பங்களாச் சமையல்காரரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். துரைமார் கப்பலேறி, தோட்டம் கை மாறிக் கை மாறி, கடைசியில் பங்களாவைக் கொழும்பு முதலாளி ஒருவர் எடுத்து உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்ட பிறகும் அந்தப் பெயர் மட்டும் அசையவில்லை. அவருடைய மனைவி ரோஷானி ரப்பர் ஸ்டோரில் வேலை. மலையிலிருந்து வாளி வாளியாக வரும் ரப்பர் பாலை வாங்கி, வடித்து, எசிட் ஊற்றி உறையவைக்கிற வேலை. கல்யாணம் முடித்துப் பல வருடம் ஆகியும் இருவருக்கும் பிள்ளை இல்லை. மடு மாதாவிடமும் போய் வந்தார்கள், பெரியாஸ்பத்திரிக்கும் போய் வந்தார்கள். லயத்துச் சனம் அதைப் பற்றிப் பேச வேண்டியதையெல்லாம் பேசித் தீர்த்துவிட்டு வேறு கதைக்குப் போய்விட்டது. ரோஷானி மட்டும் இன்னும் அடுத்த வீட்டுக் கொடியில் சின்னச் சட்டை காய்ந்தால் அந்தப் பக்கம் பார்க்காமல்தான் நடப்பாள்.

பங்களாக் குசினிக்குப் பின்னால், பாத்திரம் கழுவின தண்ணீர் ஓடுகிற கான் ஓரத்தில், ஏதோ ஒரு துரை நட்டுவிட்டுப் போன செடி ஒன்று உண்டு. துரைமார் அதை ஹோர்ஸ்ரெடிஷ் என்றார்கள், தோட்டத்தில் அது துரை முள்ளங்கி. அது குளிர்நாட்டுச் செடி. யட்டியாந்தோட்டை மழைக்கும் வெக்கைக்கும் அழுகிப் போயிருக்க வேண்டும். அழுகவில்லை. பிடுங்கி எறிந்தாலும் மண்ணுக்குள் விரல் நகத்தளவு துண்டு மிஞ்சினால் போதும், மறுபடி தலை நீட்டும். தை மாசி வறட்சியில் இலை பழுத்துச் சாயும்போது எட்வின் கிழங்கைத் தோண்டுவார். கழுவி, தவிட்டு நிறத் தோலைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே பால் வெள்ளை. முழுசாக இருக்கிற வரைக்கும் அதற்கு வாசமே கிடையாது, நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. துருவினால்தான் உயிர் வரும். வாசலில், காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து துருவ வேண்டும். இல்லாவிட்டால் கண்ணும் மூக்கும் ஒன்றாகக் கொட்டும். துருவின பிறகு சற்று நேரம் சும்மா விட வேண்டும், காரம் அப்போதுதான் ஏறும். ஏறி உச்சிக்கு வந்ததும் தென்னங்கள்ளு வினாகிரியும் உப்பும் சேர்த்தால் காரம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். போத்தலில் அமுக்கி, காற்றுப் போகாமல் மூடி, பிரிஜ்ஜின் பின்பக்கம் தள்ளிவைத்தால் பல மாதத்துக்கு வெள்ளையாகவே இருக்கும். பழுப்பேறினால் கொட்டிவிட வேண்டியதுதான். அவசரப்பட்டு, காரம் ஏறும் முன்னே வினாகிரி ஊற்றினால் அது பிறகு ஒருநாளும் ஏறாது, வெறும் புளித்த சக்கை. உடனே வேண்டாத கிழங்கை ஈர மணலில் புதைத்து ஒரு மரப்பெட்டியில் வைப்பார், மாதக்கணக்கில் கெடாது. பொரித்த மாட்டிறைச்சிக்குப் பக்கத்தில் அதைக் கிரீமில் கலந்து ஒரு கரண்டி வைத்தால் வெளிநாட்டுக்காரர்கள் மூக்கைத் துடைத்துக்கொண்டே இன்னும் கேட்பார்கள். பங்களாவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே அதுதான் என்று சொன்னால் தப்பில்லை.

மூக்கு இடம் மாறிய புதிதில் ரோஷானிக்கு அது பிடிக்கவே இல்லை. மற்றவர்கள் புருஷன் தண்ணி போட்டுவிட்டு எங்கே விழுந்து கிடக்கிறான் என்று தேடினார்கள். இவளுக்குப் புருஷன் வீட்டிலேயே இருந்தார், மூக்கு மட்டும் வேறொருத்தி வீட்டில். "மல்லிப்பூ வாசமா வருது" என்று எட்வின் ஒருநாள் வாய்தவறிச் சொல்ல, ரோஷானி சோற்றுக் கோப்பையை டக்கென்று கீழே வைத்தாள். "யாரு வீட்டு குசினிங்க அது? தெரிஞ்சு சொல்றீங்களா, தெரியாத மாதிரி சொல்றீங்களா?" என்று கேட்டாள். எட்வின் மாதா மேல் சத்தியம் செய்தார். பிறகு சில மாதம் அவர் எதையும் சொல்வதில்லை, அவளும் கேட்பதில்லை. அடுத்த வருடம் பிறந்து கொஞ்ச நாளில், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டு, "அங்க தாளிக்கிறதையே நிப்பாட்டிட்டாங்க. காலையில இருந்து எலுமிச்சங்காயும் சாம்பலும்தான்" என்றார். ரோஷானி அவரைப் பார்த்தாள். ஒரு பெண் எதற்காகத் தாளிப்பு வாசம் தாங்காமல் எலுமிச்சங்காயை முகர்ந்துகொண்டு திரிவாள் என்று அவளுக்குத் தெரியாதா? "சாம்பலத் திங்குறாளோ என்னமோ, பாவம்" என்றாள். கோபம் அன்றைக்கே போய்விட்டது.

அந்த வருடம் நாட்டில் எரிவாயு இல்லை, பெட்ரோல் இல்லை, மின்சாரமும் வந்தால் வந்தது, போனால் போனது. பங்களாவுக்கு ஒரு ஆளும் வரவில்லை. எட்வின் கான் ஓரத்துப் பாத்திக்குக் களை பிடுங்கிக்கொண்டு சும்மாதான் இருந்தார். ஆகவே அந்தப் பிள்ளை பிறந்ததை ஆற அமர இருந்து தெரிந்துகொள்ள முடிந்தது. ஐப்பசியில் ஒரு வாரம் அந்தக் குசினி அடுப்பு எரியாமல் கிடந்தது. பிறகு ஒருநாள் மத்தியானம் வேப்பிலையும் வசம்பும் காய்ச்சின நல்லெண்ணெயும் வந்தன. அதற்குப் பின்னால் பால் கக்கின வாசம். எட்வின் பங்களா மேட்டிலிருந்து ஸ்டோர் வரைக்கும் ஓடிப்போய், எசிட் வாளியோடு நின்ற ரோஷானியிடம் மூச்சு வாங்கச் சொன்னார், "பொறந்திருச்சு." ஸ்டோரில் இருந்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ரோஷானி அழுதாள். எட்வினுடைய சொந்தத்தில் யாருக்கோ பிள்ளை என்று நினைத்துக்கொண்டு எல்லாரும் அவளுக்குக் கை கொடுத்தார்கள், அவளும் வாங்கிக்கொண்டாள்.

அதன் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் ரோஷானி வீட்டுக்குள் வரும்போதே, "பாப்பா குளிச்சிருச்சா?" என்று கேட்டுக்கொண்டுதான் வருவாள். அந்த லயத்தில் குசினிதான் குளிக்கும் இடமும்போல, எல்லாம் எட்வினுக்குத் தெரிந்தது. வெந்நீர், சவர்க்காரம், பவுடர், சாம்பிராணிப் புகை, ஒன்று விடாமல் வரிசையாகச் சொல்வார். பவுடர் மாறினால் சொல்வார். சளி பிடித்துக் கற்பூரவள்ளி வதக்கினால் அன்றைக்கு ரோஷானிக்குச் சோறு இறங்காது. முதல் சோறு ஊட்டின அன்று நெய்யும் பருப்பும் வந்தது, அதற்காக இவர்கள் வீட்டில் பாயாசம் வைத்தார்கள். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாத பிள்ளைக்கு ரோஷானி ஒரு மஞ்சள் சட்டை தைத்து, பெட்டியில் வைத்தாள். நாடே வரிசையில் நின்ற அந்த வருடத்தில் இவர்கள் இருவரும் மட்டும் சந்தோஷமாக இருந்தார்கள். வெளியே சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்ததால் சொல்லிக்கொள்ளவில்லை.

பிறகு நாட்டுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆட்கள் திரும்பி வந்தார்கள், பங்களாக் கதவு திறந்தது, எட்வினுக்குக் கஷ்டகாலமும் திறந்தது. மூக்கில்லாத சமையல் என்பது கண்ணைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற மாதிரி. கேக் கருகினது தெரியவில்லை, வெங்காயம் சிவந்து கறுத்தது தெரியவில்லை. ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்குப் பழசாகிப்போன மீனை எலுமிச்சை பிழிந்து அழகாக வைத்துக் கொடுத்ததில், அவர்கள் மூன்று பேரும் இரண்டு நாள் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. பங்களா மெனேஜர் மாத்தயா நல்ல மனுசன், சத்தம் போடவில்லை. ஆவணியில் முதலாளி தன் சிநேகிதர்களோடு வருகிறார் என்றும், அன்றைக்குச் சாப்பாடு பழையபடி இருக்க வேண்டும் என்றும், இல்லாவிட்டால் கொழும்பிலிருந்து வேறு ஆள் வருவதைத் தன்னால் தடுக்க முடியாது என்றும் சிங்களத்தில் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். சமையலைத் தவிர எட்வினுக்கு வேறு தொழில் தெரியாது. பால் வெட்டப் போகிற வயதும் தாண்டிவிட்டது.

இப்படி இருக்கும்போதுதான் மாவனல்லை புவாட் நானா இந்தக் கதைக்குள் வருகிறார். வேனில் பாய், பிளாஸ்டிக் சாமான், சீத்தைத் துணி எல்லாம் ஏற்றிக்கொண்டு கேகாலைப் பக்கமும் இரத்தினபுரிப் பக்கமும் தோட்டம் தோட்டமாக விற்பவர். எட்வினுக்கு வினாகிரி கொண்டுவந்து கொடுப்பதும் அவர்தான். பதிலுக்கு எட்வின் வருடா வருடம் ஒரு போத்தல் துரை முள்ளங்கி கொடுப்பார். புவாட் நானாவுக்குப் பீனிசம், தலை கனத்தால் மூடியைத் திறந்து ஒரு மூச்சு இழுப்பார். நிவித்திகலத் தோட்டத்தில் அவரிடம் பாத்திரம் வாங்குகிறவர்களில் விஜயகலா என்று ஒருத்தி. தேயிலைத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் வடையும் ரொட்டியும் சோற்றுப் பார்சலும் விற்கிறவள். புருஷன் ஸ்ரீதரன் கொழும்பில் கடையில் வேலை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் வீட்டுக்கு வருவான். கைக்குழந்தைக்காரி. அவள் அன்றைக்குப் புதிதாக ஒரு வடைச்சட்டி கேட்டாள். பழையது கருகி ஓட்டையாகிவிட்டது, ஏனென்றால் அவளுக்கு அடுப்பில் இருப்பது தெரிவதில்லை. காய்ச்சலுக்குப் பிறகு மூக்கு ஒரு மாதிரி என்றாள். "என் வீட்டு வாசம் எனக்கு வராதுங்க. வேற எங்கயோ பட்டர் உருகுது, மாட்டிறைச்சி பொரியுது, ரப்பர் சீட்டுக்குப் போடுற புகை வருது. தை மாசம் ஆனா கடுகு அரைச்ச மாதிரி ஒன்னு வரும் பாருங்க, ஆனா கடுகு இல்ல. நாள் முழுக்கத் தும்மிக்கிட்டே இருப்பேன்."

எட்வினுடைய மூக்குக் கதை தெரிந்த புவாட் நானா வேனுக்குப் போய் தன் போத்தலை எடுத்துக்கொண்டு வந்து, அந்தக் குசினிக்குள் வைத்து மூடியைத் திறந்து அவள் மூக்கடியில் நீட்டினார். விஜயகலாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, வாசம் வரவில்லை. வாசம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பங்களாவில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்த எட்வின் கத்தியைப் போட்டுவிட்டு எழுந்தார். அது மழைக்காலம், ஒரு கிழங்கும் துருவவில்லை. ஆனால் வருவது துரை முள்ளங்கி, அதுவும் தன் கையால் போட்டது. அந்த வருடம் வினாகிரியில் இரண்டு கராம்பு போட்டிருந்தார், அந்தக் கராம்பும் வந்தது. தோட்டத்தை விட்டு வெளியே போன போத்தல் ஒன்றே ஒன்றுதான். போனை எடுத்து, "நானா, எங்க இருக்கீங்க? போத்தல எங்க வச்சுத் தொறந்தீங்க?" என்று கேட்டார். "அல்லாவே" என்றார் புவாட் நானா. "ஒங்கட மூக்கு இங்கதான் எட்வின். நான் இப்ப நிக்கிறதே அந்தக் குசினிக்குள்ளதான். இந்தா, வீட்டுக்காரப் பிள்ளையோட பேசுங்க."

எட்வின் அந்தப் பக்கத்துப் பெண்ணிடம் முதலில் கேட்டது தன் மூக்கைப் பற்றி அல்ல. "தங்கச்சி, புள்ள ஆம்பளையா, பொம்பளையா?" என்றார். பெண் பிள்ளை, பேர் கவிஷா, இப்போது தவழ்கிறாள். அன்று பின்னேரம் அதை ரோஷானியிடம் சொன்னபோது அவள் பெட்டியைத் திறந்து மஞ்சள் சட்டையை எடுத்து விரித்துப் பார்த்தாள். தவழ்கிற பிள்ளைக்கு அது சின்னது. அடுத்த முறை புவாட் நானா வந்தபோது பெரிய சட்டை ஒன்று தைத்துக் கொடுத்தனுப்பினாள்.

மூக்கைத் திருப்புகிற வழியைச் சொன்னதும் புவாட் நானாதான். குழாயடியில் வாளி மாறிப்போனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கொண்டுவந்து வைத்தால்தானே எடுத்துக்கொள்ளலாம்? அது மாதிரி இரண்டு குசினியிலும் ஒரே நேரத்தில் துரை முள்ளங்கியைத் துருவி, காரம் உச்சிக்கு ஏறினதும் இரண்டு பேரும் ஒன்றாக இழுத்து மூச்சு விட்டால், வாசம் வந்த வழியே அவரவர் மூக்கு அவரவருக்கு வந்து சேரும் என்றார். யாருக்கும் இதில் தப்புத் தெரியவில்லை. மணற்பெட்டியிலிருந்து நல்ல கிழங்காகப் பார்த்து எடுத்து, ஈரச் சாக்கில் சுற்றி நிவித்திகலவுக்கு அனுப்பினார்கள். முதலாளி வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும் என்று நேரம் குறித்தார்கள். பங்களாக் குசினியில் ஜன்னல் கதவெல்லாம் சாத்தி, போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு எட்வின் துருவ உட்கார்ந்தார். ரோஷானி பக்கத்தில் வினாகிரிப் போத்தலோடு நின்றாள். காரம் ஏறி, இவர் மூச்சை இழுத்த பிறகு ஊற்றி வைக்க வேண்டும், கிழங்கை வீணாக்கக் கூடாதல்லவா? அந்தப் பக்கம் விஜயகலா துருவுகிற சத்தம் போனில் கேட்டது. அதோடு பிள்ளை தும்முகிற சத்தமும் கேட்டது.

"முடிஞ்சுது தங்கச்சி, இனிக் கொஞ்சம் பொறுப்போம்" என்றார் எட்வின். கண்ணை மூடிக் கோப்பைக்கு மேலே குனிந்தார். அவர் குனிந்த கையோடு, காரம் கண்விழிக்கிற நேரம்கூடக் கொடுக்காமல், ரோஷானி வினாகிரியை ஊற்றினாள். கொஞ்சமாக அல்ல, கிழங்கு முங்குகிற அளவுக்கு. எட்வின் கண்ணைத் திறந்து கோப்பையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். நிவித்திகலவிலிருந்து காரம் சுள்ளென்று அவர் மூக்குக்கு வந்தது. இங்கிருந்து அங்கே போக ஒன்றும் இல்லை. "எங்க பக்கம் கண்ணெல்லாம் எரியுதண்ணே, ஒங்க வாசம் ஒன்னும் வரலியே" என்றாள் விஜயகலா. "வினாகிரி முந்திக்கிச்சு தங்கச்சி" என்று மட்டும் சொன்னார் எட்வின். இந்தக் கதை வெளியே வந்தபோது தோட்டத்தில் எல்லாரும் ரோஷானிக்காகப் பரிந்துதான் பேசினார்கள். ரப்பர் ஸ்டோரில் பால் வந்து இறங்கினதும் எசிட்டைக் காட்ட வேண்டும், பொறுத்தால் பால் கெட்டுப்போகும். வருடக்கணக்காக அப்படி ஊற்றிப் பழகின கை, கோப்பையில் வெள்ளையாகக் கண்டதும் ஊற்றிவிட்டது, பாவம், அவள் என்ன செய்வாள் என்றார்கள். ரோஷானி அதை இல்லை என்று சொல்லவில்லை. எட்வினிடம் மட்டும், கோப்பையைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள், "புள்ள நடக்குற வரைக்குமாச்சும் இருக்கட்டுமே. வேலை போனாப் போகுது, நான் நாளுக்கு ரெண்டு பேரு போட்டு சம்பளம் எடுக்குறேன். நாளைக்குப் பின்னேரம் நான் வந்து பாப்பா குளிச்சிருச்சான்னு யாருகிட்ட கேக்குறது?" எட்வினுக்கும் அதே நினைப்புத்தான், ஆனால் ஆம்பிளை வாயால் அதைச் சொல்ல வரவில்லை. அவள் கையிலிருந்து கோப்பையை வாங்கித் துடைத்துவைத்தார்.

வேலை போகவில்லை. மறுநாள் காலையில் எட்வின் ரொட்டி வாட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. "அண்ணே, ரொட்டி கருகுது, திருப்புங்க" என்றாள் விஜயகலா. எட்வின் திருப்பினார். திருப்பிக்கொண்டே, "ஒன் எண்ணெய் பழசாயிருச்சு தங்கச்சி, அதுல வடை போடாத" என்றார். இரண்டு பேருக்கும் ஏன் இது முன்னமே தோன்றவில்லை என்று இருவரும் சிரித்தார்கள். முதலாளி வந்த அன்று எட்வின் போனைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு சமைத்தார். மாட்டிறைச்சி பொரிந்து, பட்டர் உருகி, தை மாதத்துப் போத்தலில் மிஞ்சியிருந்த துரை முள்ளங்கி கிரீமில் விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் நிவித்திகலவிலிருந்து உத்தரவு வந்தது. நடுவில் குசினிக்குள் எட்டிப் பார்த்த முதலாளி, யாரோடு பேச்சு என்று கேட்டார். என்னுடைய மூக்கோடு, ஐயா என்றார் எட்வின் சிங்களத்தில். முதலாளி கொஞ்சம் யோசித்தார். மூக்கு ஒழுங்காக வேலைக்கு வருகிறதா என்று கேட்டார். மழை நாளில் சிக்னல் இல்லாவிட்டால்தான் கஷ்டம், மற்றப்படி ஒருநாளும் லீவு இல்லை என்று எட்வின் சொன்னார். சாப்பாடு முடிந்ததும் முதலாளியின் சிநேகிதர்கள் மூக்கைத் துடைத்துக்கொண்டே இன்னும் கேட்டார்கள். அடுத்த மாதம் குசினிச் சுவரில் சிக்னல் பெட்டி ஒன்று பூட்டப்பட்டது.

இப்படியே போனதில் சில ஒழுங்குகளும் தானாக வந்தன. "அண்ணே, வெள்ளிக்கெழமையில மாடு வேணாமே, வெளக்கேத்துறப்ப எனக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்று விஜயகலா கேட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை பங்களாவில் மரக்கறிதான். அது தோட்டத்து வழக்கம் என்று வெளிநாட்டுக்காரர்களுக்குச் சொல்லப்பட்டது, அவர்களும் அதைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். தபசுகாலத்தில் எட்வின் சுத்தபத்தமாக இருக்கும்போது கருவாடு பொரித்து அவரைச் சோதிக்கக் கூடாது என்று விஜயகலாவும் அந்த நாற்பது நாளும் கருவாட்டைத் தொடுவதில்லை. துரை முள்ளங்கி வருடா வருடம் விளைந்தது, துருவினார்கள், பொறுத்தார்கள், சரியான நேரத்தில் வினாகிரி ஊற்றிப் போத்தலில் அடைத்தார்கள். மூக்கைத் திருப்புகிற பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை. பிள்ளை நடந்தது, ஓடியது, குசினியில் மாவைக் கொட்டி அடி வாங்கியது. எல்லாம் பின்னேரம் பின்னேரம் ரோஷானிக்கு வந்து சேர்ந்தது.

போன நத்தாருக்கு, கிறிஸ்மஸ் லீவில், விஜயகலாவும் ஸ்ரீதரனும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, இரத்தினபுரி வந்து, அவிசாவளையில் பஸ் மாறி, முறுக்கு டின்னோடு வந்து இறங்கினார்கள். பங்களாக் குசினிக்குள் கால் வைத்ததும் விஜயகலா அப்படியே நின்றுவிட்டாள். "இங்க வந்தாத்தான் என் மூக்கு என் மூஞ்சியில இருக்குது" என்று சொல்லிச் சிரித்தாள். எட்வின் கை நீட்ட, கவிஷா பழகின ஆளிடம் வருகிற மாதிரி தாவி வந்தாள். அவர் பிள்ளையின் தலைமுடிக்குள் முகத்தைப் புதைத்து மூச்சை இழுத்தார். ஆறிப்போன அடுப்புச் சாம்பல் வந்தது. பூட்டின வீட்டுப் புழுக்கம் வந்தது. அரைத்து வைத்த மாவு புளித்துப் பொங்குகிற வாசம் வந்தது. பிள்ளை கையில் இருந்தது, பிள்ளையின் வாசம் எங்கேயும் இல்லை. "மாவு புளிச்சிருச்சு தங்கச்சி, மூடி வச்சிட்டு வந்துட்டியா?" என்று கேட்டார். விஜயகலா நாக்கைக் கடித்துக்கொண்டு, சாவி வைத்திருக்கிற அடுத்த வீட்டுக்குப் போன் போட வெளியே போனாள். எட்வின் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு அழுகை வந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை.

ரோஷானி பிள்ளையை அவர் கையிலிருந்து வாங்கினாள். கழுத்து மடிப்பில் மூக்கை வைத்து மூச்சை இழுத்தாள். பிறகு, இத்தனை வருடமாக அவர் அவளுக்குச் சொன்ன மாதிரியே வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தாள். "வேர்த்திருக்குது. பஸ்ஸு சீட்டு வாசம். திருநீறு இருக்குது. முறுக்கு தின்னிருக்கா, வாயெல்லாம் எள்ளு. அதுக்கெல்லாம் அடியில ஒன்னு இருக்குதுங்க. நீங்க வெயில்ல காஞ்ச துணி மாதிரின்னு சொல்லுவீங்களே, அது இல்ல. பால்சோறு எறக்கி வச்சு ஆறுறப்ப வருமே, அது." மூன்று வருடமாகத் தான் தப்பாகச் சொல்லி வந்ததை எட்வின் ஏற்றுக்கொண்டார். கண்ணை மூடி, சுவரில் சாய்ந்துகொண்டு, "மறுபடி சொல்லு" என்றார். ரோஷானி மறுபடி குனிந்தாள். பிள்ளை கூச்சம் தாங்காமல் சிரித்தது.